சோளகத்தில் சூடேறிய பிக்கப்

சதீசனைப் பற்றிக் கேட்டால் எங்கள் நாரந்தனையில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தண்ணிச் சதீசன், திறப்புச் சதீசன், சறோவின்ர தம்பி. கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "பாவம், நல்ல பெடியன்." நாற்பத்தொன்பது வயது மனிதன், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளுக்குத் தகப்பன், அவன் பெடியனாம். நல்ல பெடியன் என்று சொல்லிச் சொல்லியே ஒருவனைக் கட்டிப்போடலாம் என்பதை நான் இவனில்தான் கண்டேன்.

நான் முருகேசு. சந்திக்குக் கிழக்கே தகரக் கொட்டகை போட்ட கராச் என்னுடையது. சதீசனின் பிக்கப்பைப் பன்னிரண்டு வருடமாகத் திருத்துகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். தொழிலில் குறை சொன்னால் அது மூக்கையும் தாண்டிவிடும். இந்தக் கதையில் அதுவும் வருகிறபடியால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஐந்து பிள்ளைகள், சதீசன் கடைக்குட்டி. தகப்பன் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவந்தபோது இவனுக்கு ஏழு வயது. பிறகு ஒவ்வொருவராக வெளிக்கிட்டார்கள். மூத்தவள் சறோஜினிதேவி கனடா, நடுவில் மூன்று பேரும் பிரான்ஸ். தாயோடு நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், இவன் நின்றான். தாய் கண்மூடி எட்டு வருடமாகிறது. இவன் இன்னும் நிற்கிறான்.

உறவுக்காரர் பூட்டிவிட்டுப் போன ஆறு வீட்டின் திறப்புகள் இவன் கையில். பூட்டிய வீடு இருண்டு கிடக்கக் கூடாதாம், வெள்ளிக்கிழமைகளில் ஆறு வீட்டிலும் போய் விளக்கு வைக்க வேண்டும். அம்மன் கோயிலில் ஏழாம் திருவிழா இவர்களுடைய குடும்பத்துக்கு உரியது. ஊரில் ஆளில்லாத குடும்பத்தின் திருவிழா மெல்ல வேறு ஆட்களின் கைக்குப் போய்விடும், எத்தனையோ குடும்பத்துக்குப் போயிருக்கிறது. ஆகவே அதற்கும் இவன்தான் ஆள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் ஒருவன் நிற்க வேண்டும். அவனுக்கு நிற்க விருப்பமா என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

பிக்கப் சறோ அக்கா வாங்கிக் கொடுத்தது. வாங்கும்போதே பழசு. பின்னால் ஒரு தண்ணித் தாங்கியைக் கட்டி, மண்கும்பான் பக்கத்து நல்ல தண்ணிக் கிணறுகளில் நிரப்பி, நாரந்தனைக்கும் புளியங்கூடலுக்கும் வீடு வீடாகக் கொடுப்பதுதான் சதீசனின் தொழில். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு அவித்தால் உப்புப் போடத் தேவையில்லை. பிரதேச சபையின் தண்ணி லொறி, அந்தப் பவுசர், வந்தால் வரும். சதீசன் சொன்ன நாளில் வருவான்.

நாலு வருடத்துக்கு முன்னர் ஒருநாள் சறோ அக்கா தொலைபேசியில் சொன்னாளாம்: "உந்த வாகனம் ஓடும் மட்டும் நில்லு தம்பி. அது முடிஞ்சால் வித்துப்போட்டு, திறப்புகளைக் கோயிலடியில ஆரிட்டையும் குடுத்திட்டு நீயும் போ. ஆரும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டம்." வாய் தவறிச் சொன்னதோ, பகிடிக்குச் சொன்னதோ, அவளுக்கே இன்று நினைவிருக்காது. சதீசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எனக்கும் மனைவி கஜானிக்கும் மட்டும் சொல்லியிருந்தான். அப்போது நான் சிரித்தேன்.

கஜானிக்கு யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் வேலை. விடிய ஆறு மணி பஸ்ஸில் போய் இருட்டுப்படத் திரும்பிவந்து பதினாறு வருடம் ஓட்டினாள். மகள் இந்துஜாவுக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் கிடைத்ததும் இந்தத் தையில் கொக்குவிலில் ஒரு சின்ன வீடு பார்த்துப் பிள்ளையோடு போய்விட்டாள். சண்டை பிடிக்கவில்லை. போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஆடித் திருவிழா முடிய நீங்கள் வாறீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். அதுக்குப் பிறகு கேக்க மாட்டன்." கேட்க மாட்டேன் என்றால் அவள் கேட்கமாட்டாள் என்பது சதீசனுக்குத் தெரியும். கொக்குவிலில் ஒரு சீமெந்துக் கடைக்காரரும் லொறி ஓட இவனையே கேட்டு, ஆவணி வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் வைகாசியில் பிக்கப் சூடேறத் தொடங்கியது.

பழைய வாகனங்களில் எஞ்சினைக் குளிரவைக்கிற ஃபான் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். எஞ்சின் விரைந்து ஓடினால் அதுவும் விரைந்து சுற்றும், நின்ற இடத்தில் மெல்ல ஓடினால் அதுவும் சோம்பிச் சுற்றும். சதீசனுக்கோ ஒவ்வொரு கேற்றடியிலும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் பம்பு போட வேண்டும். ஃபானின் நடுவில் இருக்கும் கிளச்சும் எண்ணெய் கசிந்து வழுக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சாமான் இப்போது எங்கும் இல்லை, கொழும்பிலும் கைவிரித்துவிட்டார்கள்.

"அண்ணை, அப்ப இது முடிஞ்சுதோ?" என்று கேட்டான் சதீசன். அந்தக் குரலில் ஒரு பாரம் இறங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்குக் கேட்டதெல்லாம் என் தொழிலுக்கு விட்ட சவால்தான்.

"என்னட்டை வந்த வாகனம் எப்ப காணும் முடிஞ்சது?" என்றேன். "கரண்ட் ஃபான் போடுவம். எஞ்சின் எப்பிடி ஓடினாலும் அது தன்ர வேகத்தில சுத்தும்."

அடிபட்டுக் கிடந்த ஒரு காரிலிருந்து மின்சார ஃபான் ஒன்றைக் கழற்றினேன். பழைய ஃபானையும் கிளச்சையும் எடுத்துவிட்டு, றேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இரும்புச் சட்டம் ஒட்டிப் பொருத்தினேன். தண்ணீர் சூடானால் தானாக ஓடவும் ஆறினால் நிற்கவும் சுவிச் வைத்தேன். பிறகு சந்தியில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டுவைத்து, ஒரு மணித்தியாலம் எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டேன். சூடு காட்டுகிற ஊசி பாதியைத் தாண்டவில்லை. நான் கொஞ்சம் கூடத்தான் கதைத்துவிட்டேன். இனி இது இருபது வருடம் ஓடும் என்றும் சொன்னதாக நினைவு. சதீசன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை, எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு சேர்க்கிற பண்ணைப் பாலத்தில் வாகனம் கொதித்து நின்றுவிட்டது என்று செய்தி வந்தது.

புதனும் சனியும் அவன் கொக்குவிலுக்குப் போய் மனைவி பிள்ளையைப் பார்த்துவிட்டு, வரும்போது ஊர்க் கடைகளுக்கு அரிசி, சீனி ஏற்றி வருவான். போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பும்போதுதான், கடலுக்கு நடுவே போகிற அந்த நீட்டுத் தெருவில் ஊசி ஏறி நீராவி அடிக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு மரநிழல் இல்லை, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று முகத்தில் அறையும். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் முக்கால் மணித்தியாலம் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பான். பஸ்ஸில் போகிறவர்கள் கைகாட்டிப் போவார்கள்.

பாரம் கூட என்றேன். வெறும் வாகனத்தோடு வந்தான், அப்போதும் கொதித்தது. றேடியேற்றரைக் கழுவினேன், மூடியை மாற்றினேன், எஞ்சினின் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டினேன். ஒருநாள் நானே கூட ஏறிப் போனேன். போகும்போது ஊசி அசையவில்லை, வரும்போது ஏறியது. கராச்சில் நிறுத்தி ஓடவிட்டால் சாது. தலையிடி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "வாகனத்துக்கும் ஊருக்கு வர விருப்பமில்லை" என்றார்கள். "முருகேசர் பூட்டின ஃபானில தேத்தண்ணி வைக்கலாம்" என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சதீசன் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் கழற்றுவதையும் பூட்டுவதையும் பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆடி பிறந்தது. சறோ அக்கா திருவிழாவுக்கு வந்து யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கினாள். வாகனத்தின் கதை அவள் காதுக்கும் போயிருந்தது. "சனிக்கிழமை அதிலதான் ஊருக்கு வருவன். என்னை வச்சுக்கொண்டு பாலத்தில கொதிச்சால் அண்டைக்கே வித்துப்போடுவம். உனக்கும் கரைச்சல் இல்லை" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டாள். என்னையும் கூட வரச்சொன்னாள்.

அதைச் சதீசன் வியாழக்கிழமை காலை, வாகனத்துக்குக் கிறீஸ் அடிக்கக் கொண்டுவந்தபோது சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாகனத்துக்கு முன்னால் நின்று பேப்பரில் மரண அறிவித்தல் பார்த்துக்கொண்டிருந்தேன். கராச்சுக்குள் காற்றில்லை, சோளகத்தை மதில் மறைக்கும். திடீரென்று ஃபான் ஓடத் தொடங்கியது. கையிலிருந்த பேப்பர் என் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஃபான் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தால் பேப்பர் வாகனத்தின் முகப்பில் போய் ஒட்ட வேண்டும். நான் பேப்பரை முகப்பில் வைத்துப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். என் காலடியில் வந்து விழுந்தது. இன்னொருமுறை வைத்தேன், இன்னொருமுறை விழுந்தது.

அடிபட்ட அந்தக் காரில் ஃபான் றேடியேற்றருக்கு முன்னால் நின்று பின்பக்கமாகக் காற்றைத் தள்ளியது. நான் அதைக் கழற்றிப் பின்னால் வைத்து, மறுபக்கம் திருப்பி, வயரை மட்டும் பழையபடியே கொடுத்திருக்கிறேன். அது முன்பக்கமாக ஊதிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் எந்தப் பக்கம் ஊதினாலும் கொஞ்சம் ஆறும். பட்டணத்துக்குப் போகும்போது சோளகம் பின்னால், அதுவும் சமாளிக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று உள்ளே வரப்பார்க்கும், என் ஃபான் அதை வெளியே தள்ளும். இரண்டும் மல்லுக்கட்டி நடுவில் காற்றே இல்லாமல் போய்விடும். முப்பத்தைந்து வருடத் தொழில்காரன் செய்கிற பிழையா இது? எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"சதீசன், இஞ்ச பாரும் காணும், ஃபான் மறுவளமாச் சுத்துது!"

அவன் நிலத்தில் கிடந்த பேப்பரைப் பார்த்தான். "தெரியும் அண்ணை" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் கிழமையே கண்டனான். பாலத்தில நிண்டு லேஞ்சியால முகத்தைத் துடைச்சுப்போட்டு முன்னால வச்சனான். ஊதிப் பறக்கவிட்டுது. கடலுக்க போட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

ஒரு மாதம் ஊர் என்னைக் காய்ச்சி எடுத்திருக்கிறது, இவன் தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கிறீஸ் துப்பாக்கியை எறிந்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

"நான் ஒண்டையும் உடைக்கேல்லை அண்ணை. ஒரு வயரையும் தொடேல்லை. சும்மா இருந்தனான். அம்மா செத்து எட்டு வருசமா ஆருக்கும் ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நான். இப்பவும் சொல்ல வராது. வாகனம் சொன்னால் அக்கா கேப்பா." அவன் குரல் இறங்கிப் போனது. "சனிக்கிழமை மட்டும் இப்பிடியே விடுங்கோ. பிறகு உங்களில ஒரு பிழையுமில்லை எண்டு வீடு வீடாப் போய்ச் சொல்லிவிடுறன்."

பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. ஒன்றும் செய்யாமல் இருக்கும்படிதான் கேட்டான். அதைவிடச் சுகமான உதவி உலகத்தில் உண்டா?

"சரி, யோசிப்பம். நீர் கோயில் வேலையைப் பாரும், பின்னேரம் வந்து எடும்" என்றேன். அவன் சைக்கிளில் போய்விட்டான்.

சத்தியமாக அப்போது விடத்தான் நினைத்தேன். கிறீஸ் அடித்தேன், சில்லுகளைப் பார்த்தேன், பொனற்றை மூடினேன். மூடிவிட்டுக் கை கழுவப் போகும்போது ஓட்டோ ஓடுகிற டினேஷ் வந்து நின்றான். வாய் கொழுத்தவன்.

"அண்ணை, என்ர மச்சானின்ர வானுக்கும் கரண்ட் ஃபான் போடோணும்" என்றான்.

"கொண்டுவரச் சொல்லு."

"இல்லையில்லை, யாழ்ப்பாணத்தில ஆர் நல்லாச் செய்யிறவை எண்டு கேக்கத்தான் வந்தனான்."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் மறுபடி பொனற்றைத் திறந்தேன்.

பத்து நிமிட வேலை. இறகைக் கழற்றித் திருப்பிப் போட்டேன், இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். பேப்பரை முகப்பில் வைத்தேன், பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு நின்றது. கையால் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம், இன்று நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது.

புளியங்கூடலில் தனியே கிடக்கிற கிழடுகளுக்கு யார் தண்ணீர் கொடுப்பது, நான் செய்த பிழையை நான்தானே திருத்த வேண்டும், பிறத்தியாரின் வாகனத்தைப் பழுதென்று தெரிந்துகொண்டே விடலாமா? இவையெல்லாம் பிறகு நான் தேடிப் பிடித்த நியாயங்கள். அந்தப் பத்து நிமிடமும் என்னிடம் இருந்தது ஆத்திரம் மட்டும்தான்.

பின்னேரம் சதீசன் வந்தான். யோசித்தீர்களா என்று அவன் கேட்கவில்லை. திருத்திவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று கைத்துணியால் ஸ்பனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பான். "பெரிய உபகாரம் அண்ணை" என்றுவிட்டு எடுத்துப் போனான். அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடந்து குத்துகிறது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம். தண்ணித் தாங்கியைக் கழற்றி வைத்திருந்தபடியால் நான் பின்னால் சறோ அக்காவின் பெட்டிகளோடு இருந்தேன். முன் அறையின் பின்கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது, உள்ளே கதைப்பது எல்லாம் கேட்கும், சதீசனின் தோளுக்கு மேலால் ஊசியும் தெரியும். நல்ல சேட் போட்டிருந்தான். தலைமயிர் வெட்டியிருந்தான். வருகிறேன் என்று கஜானியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டானாக்கும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

பாலம் தொடங்கியது. சோளகம் அன்றைக்கென்று மூசி அடித்தது, உப்புத் தூறல் வந்து என் முகத்தில் பட்டது. ஊசி பாதியில் நின்றது. கால்வாசித் தூரம் போனோம், பாதியில் நின்றது. வழமையாகக் கொதிக்கிற இடம் வந்தது, கடந்து போனது. சதீசன் ஊசியைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தான். நடுப்பாலத்தில் ஒருமுறை கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஒரே ஒருமுறைதான். பிறகு வீடு வரும்வரை தெருவை மட்டும் பார்த்து ஓடினான்.

"எங்கையடா சூடேறுது?" சறோ அக்காவுக்கு வாயெல்லாம் பல். உடனே பிரான்சுக்குப் படம் தெரிகிற அழைப்பு எடுத்து, ஓடுகிற வாகனத்தைச் சுற்றிக் காட்டினாள். "பார், எங்கட பிக்கப்! முருகேசு அண்ணை குதிரை மாதிரி ஆக்கிவிட்டிருக்கிறார். இன்னும் பத்து வருசம் ஓடும். தம்பி ஊரில நிக்கிறபடியாத்தான் நாங்கள் அங்க நிம்மதியா நித்திரை கொள்ளுறம்." அவள் கெட்டவள் இல்லை. அதை மனமாரச் சொன்னாள், சொல்லும்போது கண்ணும் கலங்கினாள். தம்பியின் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கினோம். அக்கா கால் கழுவ உள்ளே போனாள். நான் போயிருக்கலாம், போகக் கால் வரவில்லை. சதீசன் வேலியோரம் போய் நின்று கஜானிக்கு எடுத்தான். பம்பு இரைச்சலில் பழகியவன், போனை எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைத்திருப்பான்.

"சூடேறேல்லை" என்றான்.

மற்றப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றாள் கஜானி. அழுகிற குரலாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "யன்னலடியில உங்கட கட்டிலுக்கு எண்டு இடம் விட்டிருந்தனான். அதில பிள்ளையின்ர மேசையைப் போடட்டே?"

"ஓம், போடும். அதில வெளிச்சம் நல்லது."

போனைச் சேட் பைக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நின்றேன். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பொனற்றைத் திறந்து, என்னுடைய ஃபானைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்லா வேலை செய்யுது அண்ணை" என்றான். "பின்னேரம் வந்து தாங்கியை ஏத்திவிட ஒரு கை தாங்கோ. திங்கக்கிழமை புளியங்கூடலுக்குத் தண்ணி குடுக்கோணும்."